மழைக்கு மறுநாள் தொங்கிப்போன கஞ்சாச் செடி: மண் ஈரமாக இருந்தும் ஏன் வாடுகிறது?

பின்வளவு (ஸ்காபரோ)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குப் பல ஆண்டுகளாக மூட்டுவாதம் இருக்கிறது. 2018 ஒக்ரோபர் 17 முதல் இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கச் சட்டம் இடம் கொடுத்திருப்பதால், உரிமம் பெற்ற கடையில் விதை வாங்கி, இந்த ஆண்டு மூன்று கஞ்சாச் செடிகளைப் பின்வளவில் சாடிகளில் வைத்திருக்கிறேன். ஊரில் மிளகாயும் கத்தரியும் வைத்துப் பழகிய கைதான் என்றாலும் இந்தச் செடி எனக்குப் புதிது.

மே மாதக் கடைசியில், விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்து இரவுக் குளிர் விட்ட பிறகுதான் மூன்றையும் வெளியே எடுத்து வைத்தேன். மூன்றும் 19 லீற்றர் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடிகளில், ஒரே பையில் வாங்கிய மண்கலவையில் நிற்கின்றன. நேற்றுவரை மூன்றும் ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் ஒன்றுபோலவே இருந்தன. வியாழன் இரவும் வெள்ளிக்கிழமை முழுவதும் இடியோடு மழை பெய்தது. சனிக்கிழமை வானம் வெளுத்து வெயில் 32 பாகைக்கு ஏறியது. காலை எட்டு மணிக்கு நான் பார்த்தபோது செடிகளில் ஒரு குறையும் தெரியவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால், வேலியோரத்தில் நின்ற செடி மட்டும் உச்சிக் கொழுந்து முதல் அடிக்கிளை வரை நனைந்த துணிபோலத் தொங்கிக் கொண்டிருந்தது. இலையில் புள்ளியோ கருகலோ இல்லை. நிறமும் பச்சையாகவே இருந்தது. அடியில் இருந்த நான்கைந்து இலைகள் மட்டும் சில நாட்களாக மஞ்சளாகி வந்தன, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் தாங்கவில்லை என்று நினைத்து இரண்டு வாளி தண்ணீர் விட்டேன். மாலையில் சற்று நிமிரும் என்று எதிர்பார்த்தேன், நிமிரவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோதும் அப்படியே தொங்கிக் கொண்டிருந்தது. மேல்மண்ணில் விரலை விட்டால் ஈரமாகவே இருக்கிறது. மற்ற இரண்டு செடிகளும் நிமிர்ந்து நிற்கின்றன.

சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. போன வாரம் மூன்றுக்கும் மீன் கரைசல் பசளையை ஒரே அளவில் கொடுத்தேன். வாடிய செடியைக் காற்று அடிக்கடி தள்ளி விழுத்தியதால் அதை மட்டும் பாரமான மெருகிட்ட மண்சாடி ஒன்றுக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? இதைக் காப்பாற்ற முடியுமா? அருகில் தக்காளியும் மிளகாயும் நிற்கின்றன. இது தொற்றும் நோயாக இருந்தால் அவற்றுக்கும் பரவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கத்தரிப்பாத்தி (மார்க்கம்)

சகோதரி, முதலில் தண்ணீர் விடுவதை உடனே நிறுத்துங்கள். இரண்டு நாள் மழையில் நனைந்த சாடிக்கு மேலும் இரண்டு வாளி கொடுத்திருக்கிறீர்கள். தாகத்தால் வாடிய செடி தண்ணீர் கண்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். எழவில்லை என்பதே தாகம் இல்லை என்பதற்குச் சான்று.

நீங்கள் கடைசியில் சொன்ன அந்த மெருகிட்ட சாடியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். மூன்று செடிக்கும் விதையும் மண்ணும் பசளையும் மழையும் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் வாடினால், அந்த ஒன்றுக்கு மட்டும் எது வேறாக இருந்தது என்று பார்ப்பதுதான் முறை. உள்சாடியை வெளியே தூக்கி, வெளிச்சாடியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தூக்கும்போது அதன் பாரத்தையும் கவனியுங்கள். பக்கத்துச் செடியை அதேபோலத் தூக்கி ஒப்பிட்டால் கையே பதில் சொல்லிவிடும்.

எனக்குத் தக்காளியிலும் கத்தரியிலும்தான் அனுபவம். கஞ்சாச் செடியைப் பற்றித் தெரிந்தவர்கள் மேலும் சொல்லட்டும்.

பசுமைக்கூடத்தான் (லெமிங்டன்)

அக்கா, நான் ஒன்பது ஆண்டுகளாகப் பசுமைக்கூடங்களில் வேலை செய்கிறேன். முதலில் தக்காளி, வெள்ளரி. கடந்த நான்கு ஆண்டுகளாக உரிமம் பெற்ற கஞ்சாக் கூடத்தில் இருக்கிறேன். மேலே ஐயா சொன்ன வழியே சரியான வழி. ஆனாலும் வேர் அழுகல் என்று இப்போதே முடிவு கட்டிவிட வேண்டாம், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பது இரண்டு மூன்று நோய்களுக்குப் பொருந்தும். அவற்றைப் பிரித்தறிய மருந்தோ கருவியோ தேவையில்லை. அரை மணி நேரமும் ஒரு கூரான கத்தியும் இருந்தால் போதும்.

நீங்கள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தது மிகவும் நல்ல காரியம். மதியம் வாடி மாலையில் எழும் செடிக்கு வேர் வேலை செய்கிறது. வெயில் நேரத்தில் இலை இழக்கும் நீரை வேரால் உடனுக்குடன் ஈடுசெய்ய முடியவில்லை, அவ்வளவுதான். இரவு முழுவதும் குளிர்ந்த காற்றில் நின்றும் விடியற்காலையில் தொங்கிக் கொண்டிருக்கும் செடிக்கோ, வேருக்கும் இலைக்கும் இடையிலுள்ள வழியில் எங்கோ ஒரு தடை விழுந்திருக்கிறது. அந்தத் தடை வேரிலா, தண்டின் அடியிலா, தண்டின் உள்ளேயா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

தண்டில் தொடங்குங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு ஒதுக்கிவிட்டு, தண்டைச் சுற்றிவரப் பாருங்கள். பட்டை குழிந்து, பழுப்பாகி, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால் அழுகல் கழுத்துவரை ஏறிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் செடியைக் காப்பாற்றுவது அரிது. பிறகு தண்டின் வழியே மேலே போய், கணுக்களின் அருகில் சிறிய துளையும் அதன் வாயில் மரத்தூள் போன்ற எச்சமும் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் பக்கத்தில் சோள வயல்கள் நிறைய இருப்பதால் சோளத் தண்டுதுளைப்பான் புழு கஞ்சாச் செடிக்குள்ளும் நுழைவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் புழு குடைந்தால் துளைக்கு மேலே உள்ள பகுதி மட்டும்தான் வாடும். உங்கள் செடி அடிக்கிளை வரை தொங்குவதால், புழுவாக இருந்தால் துளை மிகவும் கீழே இருக்க வேண்டும்.

அடுத்தது வேர். தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கி, சாடியைப் பக்கவாட்டில் சாய்த்து மண்கட்டியை முழுதாக வெளியே இழுங்கள். நனைந்த மண் உதிரும் என்பதால் இன்னொருவர் உதவிக்கு இருப்பது நல்லது. முதலில் முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழைபெய்த காட்டின் மணம் இருக்கும், காற்றில்லாமல் கிடந்த மண்ணில் முட்டை அழுகிய நாற்றம் வரும். பிறகு வேரின் நிறத்தைப் பாருங்கள், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மீன் கரைசல் கொடுத்த வேர் நோயில்லாமலே பழுப்பாகத் தெரியும். ஆகையால் ஒரு வேரை விரல்களுக்கு இடையில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் நரம்புபோல இறுக்கமாக நிற்கும், அறுந்தால் 'டக்' என்று அறும். அழுகிய வேரிலோ, ஊறவைத்த உளுந்தின் தோல் கழல்வதுபோல மேல்தோல் கையோடு வந்துவிடும். நடுவில் மெல்லிய நூல் ஒன்று மட்டும் மிஞ்சும். அந்த நூலைப் பார்த்தீர்களானால் பித்தியம் என்ற நீர்ப்பூசணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஈரமான மண்ணில் செடி ஏன் வாடுகிறது என்பது பலருக்கும் விளங்காத விடயம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்கு உயிரோடு மூச்சுவிட வேண்டும். அதற்கு ஒட்சிசன் வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்கும்வரை அது தாராளமாகக் கிடைக்கிறது. அந்த இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால், நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். அதிலும் தண்ணீர் சூடானால் அது தாங்கும் ஒட்சிசனும் குறைகிறது: 20 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 பாகையில் ஏழரை. வெள்ளிக்கிழமை தேங்கிய தண்ணீர் சனிக்கிழமை வெயிலில், கறுப்புச் சாடிக்குள் எவ்வளவு சூடேறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூச்சுத் திணறிய வேர் தண்ணீரை உள்ளே விடும் வாயில்களை மூடிக்கொள்கிறது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வறண்டுபோகிறது. பித்தியத்தின் நீந்தும் வித்துக்களுக்கோ அப்படித் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரைவிட வசதியான பாதை வேறில்லை.

வெளிச்சாடியில் தண்ணீர் இருந்தால் அதைத் தக்காளிக்கோ மற்றச் செடிகளுக்கோ ஊற்றிவிடாதீர்கள். புல்தரையிலும் வேண்டாம், கழிவுக் குழாயில் ஊற்றுங்கள்.

வேளாண்மை படித்தவன் (மிசிசாகா)

அம்மா, வணக்கம். நான் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தவன். இப்போது வேறு துறையில் இருந்தாலும் செடிகளை விடவில்லை. லெமிங்டன் நண்பர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தண்டின் உட்பகுதியைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேர் அழுகலும், ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணத்தால் வரும் வாடலும் ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்காது என்பதில்லை. மூச்சுத் திணறிப் பலவீனமான வேர் வழியாகவே ஃபியூசேரியம் உள்ளே நுழைகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் அறிஞர் ஸமீர் புன்ஜாவும் அவருடைய குழுவினரும் கனடாவின் கஞ்சாச் செடிகளில் இவ்விரண்டையுமே வேர் நோய்க் காரணிகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூலத் தண்டை வெட்டிவிடாதீர்கள். அடியில் ஏற்கெனவே மஞ்சளாகி வந்ததாக நீங்கள் சொன்ன இலைகள் இருக்கும் கிளையைத் தண்டோடு ஒட்டி அறுத்து, அந்தக் கிளையை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் நல்லது. பட்டைக்கு அடியில், பென்சிலால் கோடு போட்டதுபோலப் பழுப்பு நிற வரி ஓடினால் நீர்க்குழாய்களைப் பூஞ்சாணம் அடைத்திருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. செடியையும் அந்தச் சாடி மண்ணையும் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டியதுதான். அந்த மண்ணை அடுத்த ஆண்டு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. ஃபியூசேரியம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கிளைகளில் தொடங்கிப் படிப்படியாகவே ஏறும். உங்கள் செடி சில மணி நேரத்தில் மொத்தமாகச் சாய்ந்திருப்பதால் அது முதற்காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் ஊரில் தக்காளியோ கத்தரியோ பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தலை சாய்த்தால் முதலில் செய்வது கண்ணாடி டம்ளர் சோதனைதான். அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை அறுத்து, தெளிந்த தண்ணீருக்குள் முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடித்துக்கொண்டு சில நிமிடம் காத்திருந்தால், பாக்டீரியா வாடல் நோய் உள்ள தண்டிலிருந்து பால்போன்ற வெண்மையான இழை ஒன்று மெல்ல இறங்கும். ஒன்டாரியோவில், வீட்டில் விதை போட்டு வளர்த்த கஞ்சாச் செடியில் அந்த நோயை நான் எதிர்பார்க்க மாட்டேன். கிளையை எப்படியும் அறுக்கத்தான் போகிறீர்கள் என்பதால், செலவில்லாத அந்தச் சோதனையையும் செய்து பார்க்கலாம்.

தக்காளி, மிளகாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபியூசேரியத்தில் பயிருக்குப் பயிர் தனித்தனி வகைகள் உண்டு; தக்காளியை வாட்டும் வகை வேறு. ஆகவே அந்தப் பக்கம் அச்சம் குறைவு. பித்தியம் அப்படி இல்லை, அது பல பயிர்களின் வேரையும் தின்னும். ஆனால் தண்ணீர் தேங்காத இடத்தில் அதனால் பெரிய தீங்கு செய்ய முடியாது. கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் இடையில் ஆல்கஹால் கரைசலால் துடைத்தால் போதும்.

இன்னொன்று. மண்கட்டியை வெளியே எடுக்கும்போது வெயில் படும் தென்மேற்குப் பக்கத்து வேர்களைத் தனியாகப் பாருங்கள். கறுப்புச் சாடியின் சுவர் நேர் வெயிலில் 45 டிகிரியைத் தாண்டக்கூடும். 40-ஐ நெருங்கும்போதே வேர் நுனி கருகத் தொடங்கிவிடும். கருகல் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் காரணம் சூடு. அடிப்பாகம் முழுவதும் அழுகியிருந்தால் காரணம் நீர்த்தேக்கம். வேர் வெள்ளையாகவே இருந்தால் தயவுசெய்து மேலும் கலைக்காமல் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். நோயில்லாத வேரைக் கழுவி ஆராய்வதாலேயே செத்த செடிகள் நிறைய உண்டு.

பின்வளவு (ஸ்காபரோ)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மதியமே மகனையும் கூட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுகிறேன்.

உள்சாடியைத் தூக்க என்னால் முடியவில்லை, மகன்தான் தூக்கினான். குளியலறைத் தராசில் வைத்தோம்: 18 கிலோ. மற்ற இரண்டு சாடிகளும் 12 கிலோவுக்குச் சற்றுக் கூடக் குறைய இருந்தன. வெளிச்சாடிக்குள் நான்கு விரல் உயரத்துக்குக் கறுத்த தண்ணீர் நின்றது. அதை ஊற்றிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அடித்துளையில், வாங்கும்போதே அடைத்துத் தந்த றப்பர் அடைப்பான் இன்னமும் அப்படியே இருந்தது. அது நீர் வடியும் சாடி என்று நினைத்தே ஆறு வாரமாகத் தண்ணீர் விட்டு வந்திருக்கிறேன். ஜூலை நடுவில் மஞ்சளான அடியிலைகள் அப்போதே எனக்குச் சொல்லிக் கொண்டிருந்தது இதைத்தான் போலும்.

மண்கட்டியை எடுத்ததும் வாய்க்கால் சேற்றைக் கிளறியதுபோல நாறியது. மேலே மூன்றில் இரண்டு பங்கு வேர் வெள்ளையும் சற்றுப் பழுப்புமாக இறுக்கமாக இருக்கிறது. அடியில் மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சற்று மேலே வரை, தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருக்கிறது. அதில் ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். தம்பி உளுந்தின் தோல் என்று எழுதியது அவ்வளவு சரி. தோல் முழுவதும் கையோடு வந்து, தலைமயிர் போன்ற ஒரு நூல் மட்டும் தொங்கியது. ஐந்தாறு வேர்களில் பார்த்தேன், எல்லாமே அப்படித்தான். தென்மேற்குப் பக்கத்தில் தனியாகக் கருகல் எதுவும் இல்லை.

தண்டின் கழுத்து பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கிறது. துளை எதுவும் கண்ணில் படவில்லை. மஞ்சள் இலைக் கிளையை அறுத்துப் பிளந்தேன். உள்ளே வெண்பச்சை, வரி எதுவும் இல்லை. கண்ணாடிக் குவளையிலும் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

இப்போது மண்கட்டி நிழலில், பழைய நாளிதழ்களின் மேல் கிடக்கிறது. பூஞ்சாணத்தைக் கொல்லும் காளான்கொல்லி மருந்து ஏதாவது வாங்கி ஊற்றலாமா? தெரிந்த ஒருவர் ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலை ஊற்றச் சொல்கிறார். செய்யட்டுமா?

பசுமைக்கூடத்தான் (லெமிங்டன்)

அக்கா, இவ்வளவு தெளிவாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், இனி ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. நீர்த்தேக்கம் முதற்காரணம், அதன்மேல் வேர் அழுகல். கழுத்துக்கு ஏறவில்லை, மூன்றில் இரண்டு பங்கு வேர் உயிரோடு இருக்கிறது. பாதிக்கு மேல் போயிருந்தால் விட்டுவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். பித்தியம்தானா என்பதை ஆய்வுகூடத்தால்தான் உறுதிப்படுத்த முடியும். குவெல்ப் பல்கலைக்கழகத்தில் தாவர நோய்ப் பரிசோதனைச் சேவை இருக்கிறது. அனுப்ப விரும்பினால், கஞ்சா மாதிரியை ஏற்கிறார்களா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். எதுவாக இருந்தாலும் நீங்கள் இன்று செய்ய வேண்டியது ஒன்றேதான்.

அழுகிய பகுதியை அல்ககோலால் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுங்கள். நல்ல வேரில் கை வைக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். வெட்டிய பிறகு மண்கட்டி சிறிதாகிவிடும் என்பதால் பெரிய சாடியைத் தேடாமல் அதே அளவிலோ ஒரு படி சிறிதாகவோ உள்ள சுத்தமான சாடியில், அடித்துளைகள் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, புதிய மண்கலவையில் நான்கில் ஒரு பங்கு பேர்லைற் என்ற இலேசான வெண்கல் துகளைச் சேர்த்து நடுங்கள். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். நட்டதும் தண்ணீர் விடாதீர்கள், கட்டியில் இருக்கும் ஈரமே போதும். முதல் மூன்று நான்கு நாட்களுக்குக் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கட்டும். வேர் குறைந்த அளவுக்கு இலையும் குறைய வேண்டும் என்பதால் அடியில் உள்ள பெரிய இலைகளில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். பசளை இரண்டு வாரத்துக்குக் கிட்டவும் வரக்கூடாது.

மருந்து விடயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். நீங்கள் வளர்ப்பது உங்கள் கணவர் உட்கொள்ளப் போகும் பயிர். கஞ்சாவுக்கு என்று கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் பீடைகொல்லி ஒழுங்காற்று முகவரகம் பதிவு செய்திருக்கும் மருந்துகள் மிகச் சில. பூந்தோட்டத்துக்கு விற்கும் காளான்கொல்லியைக் கண்டிப்பாக இதற்கு ஊற்றக்கூடாது, பதிவுச் சீட்டில் கஞ்சாவின் பெயர் இல்லாத எதையும் வாங்காதீர்கள். டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பங்கசுக்கள் நல்ல வேரைக் காக்கும், அழுகிய வேரைத் திருப்பித் தராது. ஐதரசன் பேரொட்சைட்டு சாடிக்குள் சிறிது நேரம் நுரைத்துவிட்டு அடங்கிவிடும். அதற்குள் புதிதாக வரும் வேர் நுனியையும் சுட்டுவிடக்கூடும். தண்ணீர் வடிவதற்கு வழி செய்த பிறகு அதற்குத் தேவையே இல்லை.

இப்போது ஜூலைக் கடைசி. ஒகஸ்ற் நடுவில் பகல் குறையக் குறையச் செடி பூக்கத் தொடங்கிவிடும், ஆகையால் புதிதாக விதை போட்டு ஈடுசெய்யக் காலம் இல்லை. மனத்துக்குத் திருப்தி வேண்டுமென்றால் நல்ல செடி ஒன்றிலிருந்து ஒரு கிளைத்துண்டை வேர்விடச் செய்யலாம். இரண்டு வாரத்தில் வேர் வரும், ஆனால் சிறிய செடியாகத்தான் பூக்கும். உங்களிடம் மூன்றுதான் இருப்பதால் நான்காவதுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, அதற்குமேல் இல்லை. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் கவனிக்க: இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டில் இந்தச் செடியை வளர்ப்பது குற்றம். வேர் அழுகலைக் கண்டுபிடிக்கும் முறை மட்டும் உங்கள் தக்காளிக்கும் கத்தரிக்கும் அப்படியே பொருந்தும்.

கத்தரிப்பாத்தி (மார்க்கம்)

அந்த றப்பர் அடைப்பான் விடயத்தை வாசித்துவிட்டு என் வீட்டுச் சாடிகளையும் போய்ப் பார்த்தேன். கறிவேப்பிலை நிற்கும் சாடியில் துளை திறந்திருந்தாலும், சாடி தரையோடு தட்டையாக ஒட்டியிருந்ததால் தண்ணீர் வடிய வழி இருக்கவில்லை. இப்போது கீழே மூன்று ஓட்டுத் துண்டுகள் வைத்திருக்கிறேன். சகோதரி, ஒரு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

பின்வளவு (ஸ்காபரோ)

இன்றோடு பதினோராவது நாள். தம்பி சொன்னபடியே நட்டுக் கிழக்குப் பக்கச் சுவரோரம் வைத்தேன். முதல் மூன்று நாட்களும் எந்த மாற்றமும் இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில் உச்சிக் கொழுந்து மட்டும் சற்று நிமிர்ந்திருந்தது, மதியத்தில் மறுபடி சாய்ந்தது. ஏழாம் நாளுக்குப் பிறகு மதியத்தில் வாடினாலும் மாலையில் எழுகிறது. அடியிலைகள் இன்னும் பத்துப் பன்னிரண்டு உதிர்ந்துவிட்டன. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் மெலிந்துதான் நிற்கிறது. நேற்று உச்சியில் புதிதாக இரண்டு இலைகள் விரிந்தன, அவற்றில் மஞ்சள் இல்லை. கிளைத்துண்டு எடுக்கவில்லை, மூன்றோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்மண் ஈரத்தைத் தொட்டபோதும் அடியில் நான்கு விரல் தண்ணீர் நிற்பது என் விரலுக்குத் தெரியவில்லை. இப்போது மூன்று சாடிகளையும் ஒருநாள் விட்டு ஒருநாள் தராசில் வைக்கிறோம். காய்ந்த நிலையில் நின்ற எடையை ஒவ்வொரு சாடியின் பக்கத்திலும் ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டியிருக்கிறான் மகன்: 9, 9½, நோய்ப்பட்டதற்கு 7. அந்த எண்ணுக்கு அருகில் வந்தால்தான் தண்ணீர். நோய்ப்பட்ட செடிக்கு இந்தப் பதினொரு நாளில் இரண்டே முறைதான் விட்டிருக்கிறேன்.

வெளிச்சாடியின் அடைப்பானைக் குறடால் பிடுங்க வேண்டியிருந்தது. செடியை இனி அதற்குள் வைக்க மனம் வரவில்லை. காற்றுக்கு விழாமல் இருக்க உள்சாடியை வேலிக் கம்பத்தோடு கயிற்றால் கட்டியிருக்கிறேன்.